கூடை என்று சொன்னால் யாருக்கு வலிக்கிறது?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நம்ம டவுன் புதிய மண்டபத்துக்குப் பிள்ளைகள் "கொழுந்துக்கூடை" என்று பேர் வைத்ததுக்கு இவ்வளவு கூச்சலா? தேயிலைக் கொழுந்து பறித்துப் போடுகிற கூடை மாதிரியேதான் மண்டபமும்: அடி சிறுத்து, வாய் அகன்று, சுற்றிலும் பின்னல் மாதிரிக் கம்பி. மலையில் பிறந்தவன் அதைப் பார்த்து வேறென்ன சொல்வான்? அந்தப் பேரோடு மண்டபத்தின் படம் போட்ட தம்பிக்கு "தரங்கெட்ட புத்தி" என்று படித்த பெரியவர்கள் எழுதியதை எல்லோரும் பார்த்தீர்கள். வீட்டுக்கே போன் போட்டு அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

விநோதமாக ஒரு கட்டடம் எழும்பினால் ஊர் அதுக்குப் பேர் வைக்கும். எந்த ஊரிலும் வைக்கும். லண்டனில் 2004இல் திறந்த 180 மீற்றர் கோபுரத்தின் முறையான பேர் வெறும் தெரு விலாசம். சனம் வைத்தது கெர்க்கின், ஊறுகாய் போடுகிற வெள்ளரிப்பிஞ்சு. பீஜிங்கில் அரச தொலைக்காட்சித் தலைமையகம் இரண்டு காலூன்றி நிற்பதால் ஊர்க்காரருக்கு அது "பெரிய களிசான்". சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கின் முள்ளுக் கூரைக்கு டுரியான், அந்த முள்ளுப் பழத்தின் பேர். பிள்ளைகள் செய்ததும் இதையேதான்.

கட்டினவரை அவமதிப்பதாம். கெர்க்கினை வடிவமைத்த நோர்மன் ஃபொஸ்டருக்கு என்ன குறைந்துபோனது?

"நமக்குக் கிடைப்பதே அபூர்வம், அதையும் கேலி செய்யலாமா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இந்தக் கேள்வி எனக்கும் உறைத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள் நான். அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அக்கா, நம்முடையது என்று நினைப்பதுக்குத்தான் பேர் வைப்போம். யாருடையதோ என்றால் பேசாமல் கடந்து போயிருப்போம்.

இன்னொரு சேர் எழுதியதுதான் தாங்கவில்லை. "இருநூறு வருஷம் சுமந்தது போதாதா, கட்டடத்திலுமா கூடை?" போதும் சேர். என் அம்மாவுக்கும் போதும். கூடைக்கயிறு இழுத்து இழுத்து உச்சியில் முடி கொட்டின இடம் அவருக்கு இன்றைக்கும் வழுக்கையாகவே இருக்கிறது. மழை நாளில் நனைந்த கொழுந்தை முதுகு முறியச் சுமந்து வந்தால் தண்ணிக்கென்று நிறுவையில் கழிப்பார்கள். அவர் வாயே திறக்கமாட்டார். அந்தக் காசில் படித்துத்தான் நான் இதை எழுதுகிறேன். கூடையை இறக்கி வைப்போம், சந்தோஷம். அதன் பேரைச் சொன்னாலே முகம் சுளிப்பது வேறு விஷயம். அந்தச் சுளிப்பு அம்மா மேல் படுகிறது.

நுவரெலியா பக்கம் சுற்றுலா வருபவர்கள் கூடையை முதுகில் மாட்டிப் படம் எடுக்கிறார்கள். தேயிலை விளம்பரத்தில் கூடையோடு நம்ம பெண்கள் சிரிக்கிறார்கள். அப்போதெல்லாம் உங்கள் மானம் எங்கே போனது? கொழும்பில் 2022இல் மக்களுக்குத் திறந்த கோபுரத்துக்குத் தாமரை என்று பேர். அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள். பூ என்றால் கௌரவம், கூடை என்றால் கேவலம், அப்படித்தானே?

வெளியூர்க்காரர் சிரிப்பார்களாம். இதுவரைக்கும் சிரித்தவர்கள் வெளியூர்க்காரர் இல்லை, திட்டினவர்களும் இல்லை. எல்லாம் நம்ம ஆட்கள்தான். லயத்தை விட்டு வெளியேறியவர்கள்தான்.

அந்தத் தம்பியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டாம். அவன் வீட்டுக்குப் போன் எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். அவன் அழித்த படத்தை நான் கீழே போட்டிருக்கிறேன். இனி எனக்கு எடுங்கள்.