அடுத்தவன் பாட்டை ஒட்டி வைத்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சிறந்த நூறு ஆல்பங்களைத் தேர்ந்தெடுக்க இணையத்தில் வைத்த அந்த லைவில் நடந்த கூத்தை மறுபடி சொல்லப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்கள் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறுகளின் சிறந்த ஆல்பங்கள் பட்டியலுக்கு நான் சொன்னது ஒரே ஒரு பெயர்: லண்டனின் கோல்ட்கட் என்ற டிஜே இரட்டையர் 1995இல் வெளியிட்ட ‘70 மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்’. ‘ஜர்னீஸ் பை டிஜே’ வரிசையில் வந்த மிக்ஸ் சிடி; அதாவது பலருடைய பாட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓட்டமாக்கியது. பட்டியலை நடத்திய அண்ணன் ஒரு நொடி யோசிக்கவில்லை. “அடுத்தவன் பாட்டை ஒட்டி வெச்சதுக்கெல்லாம் ஆல்பம்னு பேர் குடுக்க முடியாது தம்பி” என்று அடித்துவிட்டார். அதோடு முடிந்திருந்தால் நானும் தூங்கியிருப்பேன். “நம்மூர் ரெக்கார்டிங் சென்டர்ல பண்ணிக் குடுப்பாங்களே, அதானே இது” என்று இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சரி, கொஞ்சம் உண்டு. ஆனால் அவர் அந்த மிக்ஸைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. கேட்கவில்லை என்று அவரே அடுத்த பத்தாவது நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். கேட்காமலே தள்ளலாமாம். ஏனென்றால் அது மிக்ஸாம்.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த இசையை எதற்குப் பின்னால், எந்த நொடியில், எவ்வளவு நேரம் வைப்பது என்று முடிவு செய்வதும் இசையமைப்புதான். கோல்ட்கட்டின் ஜொனாதன் மோரும் மாட் பிளாக்கும் அந்த எழுபது நிமிடத்தில் செய்தது அதைத்தான்.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். நியூக்ளியஸின் பழைய எலக்ட்ரோ, ஜூனியர் ரீடின் ரெக்கே குரல், பிளாஸ்டிக்மேனின் டெக்னோ, ஃபோடெக்கின் ஜங்கிள் என்ற வேகமான நடன இசை, ஹரால்ட் பட்டின் மிக மெல்லிய பியானோ, பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் நக்கல் பேச்சு, ஜோஆனா லாவின் தனிக்குரல், அப்புறம் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசை. இந்தப் பட்டியலைத் தாளில் படித்தால் யாரோ பரணிலிருந்து பெட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். காதில் கேட்டால் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்ன கதை மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்களுடைய வேலை. அதற்குத்தான் பெயர் கிடையாது என்கிறார் அண்ணன்.

இதில் என்ன கஷ்டம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹிப்-ஹாப் நிமிடத்துக்குத் தொண்ணூறு தாள அடியைச் சுற்றி ஓடும். ஹவுஸ் நூற்றிருபதைத் தாண்டும். ஜங்கிள் நூற்றறுபது. இசைத்தட்டுக் காலத்து டிஜேக்களின் கையிலிருந்த டெக்னிக்ஸ் 1200 என்ற இசைத்தட்டு சுழற்றும் கருவியில் வேகத்தை எட்டு சதவீதம்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். அப்படியென்றால் தொண்ணூறிலிருந்து நூற்றறுபதுக்கு எப்படிப் போவது? ஜங்கிளின் அடியைப் பாதியாக எண்ணினால் எண்பது வரும்; ஹிப்-ஹாப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது ஒரு வழி. தாளமே இல்லாத ஓர் இசையையோ வெறும் பேச்சையோ நடுவில் வைத்தால் கேட்பவனின் கால் பழைய வேகத்தை மறந்துவிடும். அங்கிருந்து எந்த வேகத்துக்கும் போகலாம். அது இன்னொரு வழி. ஹரால்ட் பட்டையும் பியாஃப்ராவையும் ஒரு நடன மிக்ஸில் பார்த்தால் வேடிக்கைக்குச் சேர்த்ததாகத் தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில்தான் மிக்ஸ் மூச்சு வாங்கிக்கொள்கிறது.

1995 எப்படிப்பட்ட காலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் கிளப்களில் ஒவ்வொரு இசைக்கும் தனி இரவு, தனிக் கூட்டம், கடையில் தனி அலமாரி. அதற்கு முந்தைய வருடம் வந்து சக்கைப்போடு போட்டது ‘ரெனைசான்ஸ்’ என்ற மூன்று சிடி மிக்ஸ். சாஷாவும் ஜான் டிக்வீடும் செய்தது. எனக்கு உயிர். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவர்களுக்குத் தையல் வெளியே தெரியக் கூடாது. கோல்ட்கட்டுக்குத் தையல் தெரிய வேண்டும். தெரிந்து, நீங்கள் சிரிக்க வேண்டும். இரண்டு ஜோடிகளும் செய்தது அடுத்தவர் பாட்டை ஒட்டியதுதான். பிறகு ஏன் இரண்டும் இவ்வளவு வேறாக ஒலிக்கின்றன? ஒட்டுவது வெறும் ஒட்டுவதாக இருந்தால் யார் ஒட்டினாலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இதற்கு லைவில் யாரும் பதில் சொல்லவில்லை. எமோஜிதான் வந்தது.

இந்த இருவரும் திடீரென்று முளைத்தவர்களும் இல்லை. மாட் பிளாக் கணினி நிரல் எழுதியவர். ஜொனாதன் மோர் ஓவிய ஆசிரியர். 1987இல் எரிக் பி - ரக்கீம் பாட்டுக்கு ‘செவன் மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்று ஒரு ரீமிக்ஸ் செய்தார்கள். நியூயார்க் ராப்புக்கு நடுவில் ஏமன் யூதப் பாரம்பரியத்திலிருந்து வந்த ஓஃப்ரா ஹாஸாவின் குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிரிட்டனில் அந்தப் பாட்டு ஹிட்டானது அந்த வடிவத்தில்தான். அந்த ஏழு நிமிடம்தான் எட்டு வருடம் கழித்து எழுபதாக வளர்ந்தது. நடுவில் 1988இலிருந்து கிஸ் எஃப்எம்மில் ‘சாலிட் ஸ்டீல்’ நிகழ்ச்சி, 1990இல் சொந்தமாக நிஞ்சா ட்யூன் என்ற இசை வெளியீட்டு நிறுவனம். வாரா வாரம் ரேடியோவில் கலந்து கலந்து பழகிய கை அது. 1998இல் ஜாக்கி ஸ்லட் என்ற பிரிட்டிஷ் நடன இசைப் பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொகுப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது. நம் அண்ணனின் பட்டியலில் நூறில் ஓர் இடம்கூடக் கிடையாது.

ரெக்கார்டிங் சென்டர் என்று சிரித்தீர்களே, அதற்கு வருகிறேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அண்ணனிடம் பாட்டு லிஸ்ட்டையும் காலி கேசட்டையும் கொடுத்தால் மறுநாள் வரச் சொல்வார். நாம் எழுதிய வரிசையில் ஒருநாளும் பதியமாட்டார். “இதுக்குப் பக்கத்துல இது நிக்காது தம்பி” என்பார். ஒருமுறை நான் அடம்பிடித்து என் வரிசையிலேயே பதிந்து வாங்கினேன். கேட்டேன். நிற்கவில்லை. சோகப் பாட்டு முடிந்த வேகத்தில் குத்துப் பாட்டு வந்து விழுந்ததும் இரண்டுமே கெட்டுப்போயின. அவர் ஒரு பாட்டும் எழுதியதில்லை, ஒரு வாத்தியமும் வாசித்ததில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர். அதனால் அந்த மிக்ஸை அவர் வேலையோடு ஒப்பிட்டதற்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை. அவரைப் பற்றிச் சிரித்தவர்கள் அவர் பதிந்த கேசட்டில் வளர்ந்தவர்கள். அது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

கோல்ட்கட் எனக்கு வந்ததும் கேசட்டில்தான். கல்லூரியில் சீனியர் ஒருவரின் அண்ணன் லண்டனில் இருந்தார். அங்கிருந்து வந்த சிடியைத் தொண்ணூறு நிமிட கேசட்டில் இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான் என்பதால் நடுவில் டக்கென்று அறுந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த அறுப்பு எவ்வளவு எரிச்சல் என்றால், அதுவரை எந்த கேசட்டிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மற்றவற்றில் பாட்டு முடியும், பக்கம் முடியும், அவ்வளவுதான். இதில் முடிவதற்கு இடமே இல்லை. முழுதாக இருந்த ஒன்றை யாரோ ஒடித்த மாதிரி இருந்தது. ஆல்பம் என்றால் அதுதானே? எங்கே ஒடித்தாலும் வலிக்க வேண்டும். அண்ணனின் பட்டியலில் முதல் பத்தில் இருக்கும் சிலவற்றை ஷஃபிளில் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்குத் தனிச் சண்டை.

இனி கமெண்டில் வரப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்.

“ஒரு நோட்டுகூட இவங்க எழுதலையே? ராஜா முழு ஸ்கோரையும் கையால எழுதினவரு.” ஆமாம், எழுதினார். யார் இல்லை என்றது? ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் எதிராளி வாயை மூடிவிடுவான் என்ற நம்பிக்கையில் வீசப்படும் கல் இது. எனக்கும் ராஜாதான் முதல். அதனால் இன்னொரு விதமான இசை வேலையே உலகத்தில் கிடையாது என்று ஆகிவிடுமா?

“இன்னைக்கு சாஃப்ட்வேர்ல ஒரு பட்டனைத் தட்டினா வேகம் தானா சேருது.” சேரும். வேகம் மட்டும்தான் சேரும். எதை எதோடு சேர்ப்பது என்று எந்தப் பட்டனும் சொல்லாது. சொல்லியிருந்தால் கல்யாண வீடுகளில் இந்நேரம் எல்லோரும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

“ஒரிஜினல் பாடினவங்களுக்குக் காசு போச்சா?” நல்ல கேள்விதான். அனுமதி வாங்கித்தான் முறையான மிக்ஸ் சிடிகள் வரும். பெல்ஜியத்தின் டூ மெனி டிஜேஸ் சகோதரர்கள் 2002இல் வெளியிட்ட மிக்ஸுக்காக 187 பாடல்களுக்கு அனுமதி கேட்டார்கள். 114 கிடைத்தது, 62 மறுக்கப்பட்டது, 11க்கு உரிமையாளரே அகப்படவில்லை. அவ்வளவு கடிதம் எழுதி, கிடைத்ததை வைத்து, சால்ட்-என்-பெபாவின் ராப்பை ஸ்டூஜஸின் கிட்டார்மேல் ஏற்றி வைத்தார்கள். இதற்கு மேல் எனக்கு அந்தக் கணக்கு வழக்கு வேண்டாம். அடுத்தது.

“மேல்நாட்டு மோகம்.” இதற்குத்தான் நான் காத்திருந்தேன். வரிசைப்படுத்துவதை மதிப்பது மேல்நாட்டுப் பழக்கமா? அகநானூற்றை எடுத்துப் பாருங்கள். ஒற்றைப்படை எண் பாட்டெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி, நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்துக்குப் பத்து நெய்தல். நானூறு பாட்டும் இப்படி. அந்தப் புலவர்கள் எண் போட்டா பாடினார்கள்? தொகுத்தவர் வைத்த ஒழுங்கு அது. மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மர் என்று ஊரோடு, அப்பாவோடு அவர் பெயரைப் பிடித்து வைத்திருக்கிறது தமிழ். அவரிடம் போய் யாரும் “அடுத்தவன் பாட்டுதானே” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எமோஜி போட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ‘டாக்டர் ஹூ’ இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு எழுதியவர் ரான் கிரைனர். 1963இல் பிபிசியின் ஒலிப் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் தனித்தனியாக உண்டாக்கி, வெட்டி, ஒட்டி அதை நாம் கேட்கும் சத்தமாக ஆக்கியவர் டெலியா டெர்பிஷயர். கேட்டுவிட்டு அவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று கிரைனரே சொன்னார். பிபிசி விதியில் இடமில்லை. வெட்டி ஒட்டியவருக்குப் பெயர் கிடையாது. அவர் 2001இல் இறந்துபோனார். தொடரில் அவர் பெயர் திரையில் வந்தது 2013இல், ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புப் பகுதியில். அப்போதும் இப்படித்தான் யாரோ ஓர் அண்ணன் பட்டியலைப் பார்த்து அடித்திருப்பார். மரியாதையாகத்தான் அடித்திருப்பார்.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று நேற்று ஒரு நண்பன் கேட்டான். நான் சில வருடம் ரிசப்ஷன்களில் மிக்ஸ் செய்தேன் என்பது பலருக்குத் தெரியும். ஒரு மண்டபத்தில், பாட்டிகள் உட்பட எல்லோரும் ஆடி முடித்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரம். பேசிய பணத்தில் பாதியை எண்ணிக் கையில் வைத்தார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். “பென்டிரைவ்ல இருந்த பாட்டைப் போட்டதுக்கு இவ்ளோ எதுக்குப்பா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அந்தப் பாட்டிகளை எந்தப் பாட்டில் எழுப்பினேன், அதற்கு முந்தைய மூன்று பாட்டில் எப்படி மெதுவாக வேகத்தை ஏற்றினேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பாக்கிப் பணம் இன்றுவரை வரவில்லை. அது பரவாயில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பரவாயில்லை என்று இல்லை.

ஆக, அண்ணனுக்கு ஒரே வேண்டுகோள். மறுபடி பட்டியலில் சேருங்கள் என்று கெஞ்சவில்லை. அது உங்கள் பட்டியல், உங்கள் நூறு, நன்றாக இருங்கள். ஹெட்போன் போட்டு, முதலிலிருந்து, நிறுத்தாமல், தாண்டாமல் கேளுங்கள். கேட்ட பிறகு “குப்பை” என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன், சத்தியமாக. மற்றவர்களுக்கும் இதேதான். இந்தப் பதிவு ஏறியதிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆவதற்குள் வருகிற எதிர்க் கமெண்டு எதற்கும் பதில் சொல்வதாக இல்லை. கேட்கவில்லை என்பது நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.