உதை யாருக்கு அதிகம்?

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பறந்து போய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான். சுட்ட ஹீரோ ஒற்றைக் கையில் துப்பாக்கியோடு முடிகூடக் கலையாமல் நிற்பார். சரி, சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. என் வருத்தமெல்லாம் இயற்பியல் பாடத்தின் மேல்தான். "இவ்வளவு நிறையுள்ள துப்பாக்கியிலிருந்து இவ்வளவு நிறையுள்ள குண்டு இந்த வேகத்தில் பாய்கிறது, பின்னியக்கத் திசைவேகம் என்ன?" உந்தம் (நிறை × வேகம்) மாறாது, வகுத்தால் விடை, மைனஸ் குறியை மறக்காதே, அடுத்த கணக்கு. சுவாரசியம் தொடங்குகிற இடத்தில் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

நம் போலீஸார் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த த்ரீ நாட் த்ரீயையே எடுத்துக்கொள்வோம். துப்பாக்கி சுமார் 4 கிலோ. குண்டு 11 கிராம் சொச்சம், வேகம் நொடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர். பாடமுறைப்படி துப்பாக்கி பின்னால் வரும் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர். ஆனால் நிஜத்தில் 2.8க்குப் பக்கத்தில் வரும்.

மிச்சம் எங்கிருந்து வந்தது? வெடிமருந்திலிருந்து. தோட்டாவுக்குள் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாகக் குழல்வாயில் பீறிடுகிறது. துப்பாக்கி பின்னால் தரும் மொத்த உதையில் கிட்டத்தட்ட கால் பங்கு அதனுடையது. குழல்வாயில் பக்கவாட்டுத் துளைகளோடு ஓர் உறுப்பை மாட்டி உதையைக் குறைக்கிறார்களே, அது குண்டைத் தொடுவதே இல்லை. வாயுவை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. பாடத்திலோ வாயு என்ற சொல்லே இருக்காது.

அடுத்து, மாணவர்கள் உண்மையிலேயே குழம்பும் இடம். உதை இருபக்கமும் சமம் என்றால் சுட்டவர் ஏன் சாகவில்லை? சமமாக இருப்பது உந்தம், ஆற்றல் அல்ல. குண்டின் இயக்க ஆற்றல் 3,000 ஜூலைத் தாண்டும். துப்பாக்கிக்குக் கிடைப்பது 16 ஜூல் மாதிரி. 4 கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எப்படியோ அப்படி. வலிக்கும், ஆள் போய்விடமாட்டார். குண்டோ தன் 3,000 ஜூலையும் விரல் நுனி அளவு இடத்தில் இறக்குகிறது.

இப்போது பறக்கும் வில்லனுக்கு வருவோம். 70 கிலோ ஆளின் உடம்பில் அந்தக் குண்டு புதைந்து நின்றால், குண்டின் உந்தத்தால் அவர் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர். வாயுவின் பங்கும் சேர்வதால், சுட்டவருக்குத்தான் உதை அதிகம்! யாராவது பறந்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஹீரோ பறக்க வேண்டும்.

என்.சி.சி. முகாமில் "தோளோட இறுக்கிப் பிடி" என்று கத்துவார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். இடைவெளி விட்டால் துப்பாக்கி தனியாக வேகமெடுத்து வந்து எலும்பில் அடிக்கும். இறுக்கிப் பிடித்தால் தோளும் உடம்பும் சேர்ந்தே நகரும், வேகம் குறையும், அதே உந்தம் கொஞ்சம் நீண்ட நேரத்தில் இறங்கும், விசை தணியும். கட்டையின் பின்புறம் ரப்பர் வைப்பதும் இதற்குத்தான்.

இதே தந்திரம்தான் பீரங்கியின் வரலாற்றையே மாற்றியது. 19ஆம் நூற்றாண்டு பீரங்கிகள் ஒவ்வொரு வெடிக்கும் சக்கரத்தோடு பின்னால் உருளும். ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி குறிபார்த்து, மறுபடி சுட வேண்டும். 1897இல் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த 75 மில்லிமீட்டர் பீரங்கியில் குழல் மட்டும் ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் சறுக்கும். எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அதைத் தாங்கி, பழைய இடத்துக்கே திருப்பித் தள்ளும். சக்கரம் நகராது, குறி கலையாது. நிமிடத்துக்கு 15 குண்டு சாதாரணம். உந்தத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை, அதை இறக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் நீண்டது. முதல் உலகப்போரின் தொடக்க மாதங்களில் பிரான்ஸ் பெரிதும் நம்பியிருந்தது இந்தப் பீரங்கியைத்தான்.

புதுப் பாடம் எதுவும் கேட்கவில்லை. அதே பழைய கணக்கில் மருந்தின் நிறையையும் ஒரு வரி கொடுங்கள். "துப்பாக்கி, குண்டு இரண்டின் இயக்க ஆற்றலையும் ஒப்பிடுக" என்று இன்னொரு கேள்வி சேருங்கள். அதற்கு இரண்டு மார்க் கூடப் போதும்.