முத்தியால்பேட்டை வழக்கும் நம் கோபமும்

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கைது என்று ஒரு செய்தி வந்தால் போதும், கமெண்ட்டில் அதே வரிகள் வந்துவிடுகின்றன. "நடுரோட்டில் வைத்துச் சுடணும்", "கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு". எழுதுகிறவர்கள் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த பாண்டி, கடலூர்க்காரர்கள்தான். நல்ல மனிதர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்களோடு சண்டை போடாமல் இருக்க முடியவில்லை.

2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுக் குழந்தை காணாமல் போய், சில நாளில் கால்வாயில் சடலமாகக் கிடைத்தபோது ஊரே தெருவுக்கு வந்தது. மறியல், பந்த். தேடுவதில் போலீஸ் மெத்தனம் காட்டியது என்று கேட்டவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. கைதான இருவரில் ஒருவர் செப்டம்பரில் காலாப்பட்டு சிறையில் இறந்தார். தற்கொலை என்றார்கள். "ஆண்டவன் தீர்ப்பு" என்று பலர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். என்னால் வைக்க முடியவில்லை. இறந்தவர் மீதான வழக்கு அதோடு முடிந்துபோகிறது. சாட்சி வந்து, குறுக்கு விசாரணை நடந்து, அவர் செய்தாரா இல்லையா என்று ஒரு நீதிபதி தன் கையால் எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்து இனி அந்தப் பெற்றோருக்குக் கிடைக்காது. காவலில் இருக்கும் ஒரு விசாரணைக் கைதி எப்படிச் சாக முடிந்தது என்றும் யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் படம். பள்ளிக்கூடச் சிரிப்போடு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காத வாட்ஸப் குரூப் புதுச்சேரியில் இருந்திருக்காது. பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லாவிட்டாலும் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக்கூடாது என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போக்சோ 23ஆம் பிரிவும் இதற்கென்றே இருக்கிறது. நாம் அஞ்சலி என்ற பெயரில் செய்ததும் சட்டமீறல்தான். சரி, நாம் சாதாரண ஜனம். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் போலீஸ் வழியாகவும் அரசாணை வழியாகவும் வெளியே வந்தது. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. இதையெல்லாம் பார்க்கும் அடுத்த பெண் ஸ்டேஷன் படியேறுவாளா?

அப்படியிருந்தும் பொள்ளாச்சி வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அதைச் சாதித்தவர்கள் கோர்ட்டுக்கு வந்து சொன்ன அந்தப் பெண்களும், கடைசிவரை அவர்கள் கூடவே நின்றவர்களும். எந்த என்கவுன்ட்டரும் அதைச் செய்து தந்திருக்காது.

நம் பக்கத்திலேயே திட்டக்குடி இருக்கிறது. 2014இல் இரண்டு பள்ளி மாணவிகளுக்கு நடந்த கொடுமைக்கு, கடலூர் மகளிர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் 16 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு. ஆனால் இடையில் போன வருடங்களைப் பாருங்கள். வழக்கைக் கோர்ட்டு எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடுமானவரை ஒரு வருடத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது போக்சோ. வாய்தா மேல் வாய்தா விழுந்தால் நடப்பது வேறு. ஒன்பதாவது படிக்கும்போது நடந்ததைக் கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் வந்து சொல்லச் சொன்னால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அந்த நேரம் பார்த்துத்தான் "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு வருவார்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பாகூர்ப் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. முள்ளோடையைத் தாண்டினால் போலீஸே வேறு. "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று யாராவது சொன்னால் நகராதீர்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியவேண்டும், பதிந்த பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வைத்து, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

"பொய் கேஸும் இருக்கே?" என்று கேட்பவர்களுக்கு: இருக்கலாம். பதினேழு வயதுக் காதலைப் பெற்றோர் போக்சோவாக மாற்றும் வழக்குகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே கவலைப்பட்டிருக்கிறது. பொய்யை மெய்யிலிருந்து பிரிக்கவும் விசாரணைதான் வேண்டும். சுட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகவே புதைந்துவிடும்.

புதுச்சேரியில் எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். போகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: நம் கோர்ட்டில் ஒரு வருடம் தாண்டிய போக்சோ வழக்குகள் எத்தனை, எதற்காக நிற்கின்றன, இழப்பீடு எத்தனை பேர் கைக்குப் போனது? சட்டசபையில் கேள்வியாகவே எழுப்பச் சொல்லுங்கள். பதில் கிடைத்தால் இங்கே கமெண்ட்டில் போடுங்கள். குழந்தைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.