ரத்தன் தூக்கிப்போன வாளி

தாகூரின் 'போஸ்ட்மாஸ்டர்' கதையை மறுபடி படித்தேன். கையோடு சத்யஜித் ராயின் படத்தையும் பார்த்தேன். தாகூர் நூற்றாண்டான 1961இல் வந்த, அவருடைய மூன்று கதைகளைச் சேர்த்த 'தீன் கன்யா'வில் இதுதான் முதல் கதை.

"கதையில் அழுகை அதிகம், ராய் அதைக் குறைத்துவிட்டார், அதனால் படமே மேல்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

கதை 1891இல் வந்தது. கல்கத்தா இளைஞர் ஒருவர் உலாபூர் என்ற குக்கிராமத்துக்கு போஸ்ட்மாஸ்டராக வருகிறார். வீட்டு வேலைக்கு ரத்தன் என்ற அநாதைச் சிறுமி. பொழுது போகாமல் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். காய்ச்சலில் விழுந்தவரை அவள்தான் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறாள். தேறியதும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார். "என்னையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்கிறாள். "அதெப்படி முடியும்!" என்று சிரிக்கிறார். போகும்போது பணம் தருகிறார். அவள் காலில் விழுந்து, எதுவும் வேண்டாம் என்று அழுதபடி ஓடிவிடுகிறாள்.

படத்தில் அவள் காலில் விழுவதில்லை. கிணற்றடியில் தனியாக அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியோடு அவரைக் கடந்துபோகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் கேட்கிறது, அடுத்து வந்த போஸ்ட்மாஸ்டரான புது பாபுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டதாக. கையில் காசோடு நிற்கும், போஸ்ட்மாஸ்டராக நடித்த அனில் சாட்டர்ஜியின் முகத்தைப் பாருங்கள். கூச வேண்டியவர் யார் என்பதை ராய் மாற்றிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

சரி, அப்படியானால் மீதிப் பாதி? அந்தப் படகு.

கதையில் படகு நகர்ந்ததும் அவருக்கு நெஞ்சு கனக்கிறது. திரும்பிப் போய் அவளைக் கூட்டிவரலாமா என்று நினைக்கிறார். அதற்குள் பாய் காற்றில் புடைத்துவிட்டது, மழைக்கால ஆறு இழுக்கிறது, ஊர் எல்லைச் சுடுகாடு தெரிகிறது. வாழ்க்கையில் எத்தனையோ பிரிவு, எத்தனையோ சாவு, திரும்பிப் போய் என்ன ஆகப்போகிறது என்று தேற்றிக்கொள்கிறார். ரத்தனிடம் அப்படி எந்தத் தத்துவமும் இல்லை என்கிறார் தாகூர். அவள் போஸ்ட் ஆபீஸையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

இதையா மிகையுணர்ச்சி என்கிறோம்? படித்தவன் தன் மனசாட்சியை எப்படித் தூங்கவைக்கிறான் என்று இவ்வளவு கடுமையாக எழுதியவர்கள் குறைவு.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் ஊர் மாறினோம். என்னைத் தூக்கி வளர்த்த வேலைக்கார அக்காவுக்கு ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். "அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு" என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். படத்தில் ரத்தன் கடந்துபோகும்போது எனக்கு அந்த அக்கா ஞாபகம் வரவில்லை. கதையில் பாய் புடைத்தபோதுதான் வந்தது.