காரைக் கீழே விட்டுவிட்டு மலை ஏறுங்கள்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்புவது, ராத்திரி முழுக்க ஓட்டுவது, சனிக்கிழமை விடியும்போது மேட்டுப்பாளையம் தாண்டுவது, ஞாயிறு மத்தியானம் மலை இறங்கிவிடுவது. ஊட்டிப் பயணம் என்றாலே இப்போது இதுதான் என்று ஆகிவிட்டது. சென்னையிலிருந்து ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். வெள்ளி இரவு எட்டு மணியிலிருந்து ஞாயிறு நள்ளிரவு வரை மொத்தம் 52 மணி நேரம். போக வர மட்டும் 22 மணி நேரம் போய்விடும். மிச்சமுள்ள 30 மணி நேரத்தில் தூக்கமும் சாப்பாடும் போக, மேலே நெரிசலில் நிற்கும் நேரமும் போக, மலையைப் பார்க்க என்ன இருக்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்குச் சொந்தக் காரில் போவதை விட்டுவிடுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் போங்கள், ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள், முடிந்தால் வார நாளில் போங்கள். மலைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதைக் கெடுபிடி என்று பலர் கோபப்பட்டார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு காருக்கு இடைவெளியோடு 5 மீட்டர் என்று வைத்தாலும், 8,000 கார்களை வரிசையாக நிறுத்தினால் 40 கிலோமீட்டர் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி வரைக்குமான சாலையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். காருக்கு நாலு பேர் என்றால் 32,000 பேர். அதே 32,000 பேரும் பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் வந்தால் 640 பஸ் போதும். பஸ்ஸுக்கு 11 மீட்டர் என்று வைத்தால் வரிசையின் நீளம் 7 கிலோமீட்டர். ஆட்கள் அதே ஆட்கள்தான். இடத்தை அடைத்துக்கொள்வது கார்.

இந்தச் சாலை சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் போட்டதில்லை. ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது இதே வழியில்தான். கோவைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். மே மாதச் சனிக்கிழமை அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு. சமவெளியில் பத்து வருஷம் ஓட்டியவர்களும் மலை இறக்கத்தில் தவறு செய்கிறார்கள், ஏனென்றால் இறக்கம் வேறு வித்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆட்களும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 1,900 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். இஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைச் சரியாகப் போடாவிட்டால் பெரும் பங்கு பிரேக் தட்டுக்குத்தான் போகும்.

பிரேக் மீது காலை வைத்தபடியே இறங்கினால் முதலில் கருகின வாடை வரும். பிறகு பெடல் கெட்டியாக இருந்தாலும் வண்டி நிற்காது, ஏனென்றால் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. இன்னும் மோசமானது, பெடல் மெத்தென்று உள்ளே போவது. பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸில் "லெவல் சரியாக இருக்கிறது" என்று சொன்னால் அது பாதி விஷயம்தான். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வயதான பெற்றோர், கைக்குழந்தை, நடக்க முடியாதவர்கள் என்று காரைத் தவிர்க்கவே முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் மேட்டுப்பாளையத்தில் உள்ளூர் டாக்ஸி எடுப்பதே நல்லது. அந்த வளைவுகளில் தினமும் ஓட்டுகிறவர்கள். நீங்களேதான் ஓட்ட வேண்டும் என்றால், ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். நியூட்ரலில் போட்டு, சாவியை அணைத்து டீசல் மிச்சம் பிடிக்க நினைப்பது தற்கொலைக்குச் சமம். இஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் போகும், பவர் ஸ்டியரிங்கும் போகும். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான பிரேக் தட்டு கோணிக்கொள்ளும். ஏற்றத்தில் நெரிசல் என்றால் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சீசன் நேரத்தில் பாதி வழியில் கிளட்ச் கருகி நிற்கும் வண்டிகளுக்குக் காரணம் இதுதான். குறுகின இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது முறை மட்டுமில்லை, விதியும்கூட. சீசனில் குன்னூர் வழி ஏற்றத்துக்கும் கோத்தகிரி வழி இறக்கத்துக்கும் என்று ஒருவழியாக்குவார்கள். மேப் என்ன சொன்னாலும் போலீஸ் காட்டும் பாதையில் போங்கள். மசினகுடிக்குப் போகும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை இருக்கிறது. "குறுக்கு வழி" என்று மேப் காட்டும், ஏமாறாதீர்கள்.

2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசி மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ் குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மலையில் இறங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நாள் அது.

இப்போது ரயில். சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் மணி போல மேட்டுப்பாளையம் சேரும். அதே நிலையத்தில் 7.10-க்கு மலை ரயில். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைப் பாதைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். இஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி உயரும் ஏற்றம் அது. நீராவி இஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும், அதனால் முன் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்குப் பாதை முழுக்கக் கண்ணெதிரே விரியும். ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கி நின்றால், உலோகம் சூடு ஆறும் டிக் டிக் சத்தமும், எண்ணெய் வாடையும், காட்டிலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் ஒன்றாக வரும். குன்னூரில் இஞ்சின் மாறி, மேலே டீசல் இஞ்சினில் போகும். ஊட்டி சேர மத்தியானம் ஆகிவிடும். ஐந்து மணி நேரமா என்று கேட்பார்கள். அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தானே போகிறோம்!

டிக்கெட்தான் சிக்கல். பெட்டிகள் குறைவு, கேட்பவர்கள் ஏராளம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. மே மாதத்துக்கு என்றால் மார்ச்சிலேயே தேதியைக் குறித்துவைத்து, பயணிகள் பட்டியலை முந்தின நாளே உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குப் பெயர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் முடிந்தது கதை. நிலையக் குறி மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி, ஊட்டிக்கு யூஏஎம். கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் ஏறி, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் பிடியுங்கள். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்குச் சில முறை ரயில் உண்டு, தூரம் 19 கிலோமீட்டர்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொன்றாக வரும். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பஸ்ஸுக்கு வருவோம். கோவை மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் அரசுப் பேருந்துகள் பகல் முழுக்க உண்டு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கவலையே இல்லை. வாந்தி வருமே என்று பயப்படுகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனைத் தொடாதீர்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலி வயிறும் கெடுதல், வயிறு முட்டச் சாப்பிடுவதும் கெடுதல். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால், மருத்துவரைக் கேட்டுவிட்டு. குமட்டல் தொடங்கியபின் போட்டால் பிரயோஜனமில்லை.

மேலே போய் என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஊட்டியில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அருகருகே இருக்கின்றன. ஏரிக்கு நடந்தே போகலாம். தாவரவியல் பூங்காவுக்கு ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ போதும். தொட்டபெட்டா போன்ற தூரத்து இடங்களுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் உள்ளூர் டாக்ஸி எடுங்கள். பெட்ரோல் கணக்கையும் பார்த்துவிடுங்கள்: சென்னையிலிருந்து போக வர 1,100 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 73 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 7,300 ரூபாய். சுங்கக் கட்டணம் தனி. அந்தப் பணத்தை உள்ளூர் டாக்ஸிக்காரருக்கும், டீக்கடைக்கும், ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குவதற்கும் செலவழிக்கலாமே.

ஊட்டியில்தான் தங்க வேண்டும் என்றும் இல்லை. குன்னூர் 1,850 மீட்டர், குளிர் கொஞ்சம் மிதம், 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா இருக்கிறது, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள் பக்கம் பஸ் போகிறது. கோத்தகிரி இன்னும் அமைதி.

எப்போது போவது? ஏப்ரல், மே கோடையில்தான் ஊட்டி நகரத்துக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ்வேலி அணையில் தண்ணீர் குறையும். 2011 கணக்கெடுப்பில் 88,000 பேர் இருந்த ஊர் அது. தண்ணீர் குறைந்த நேரம் பார்த்து எல்லாரும் போய் ஷவரைத் திறக்கிறோம். செப்டம்பர் நல்ல மாதம், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மலை கழுவிவிட்டது போலிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் பேய் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு மழை பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு. ஒரே மாவட்டம், இரண்டு மழைக்காலம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயணங்கள் வீணாகாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட, மூன்று மெல்லிய துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது, மத்தியான வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

"யாருக்கும் தெரியாத இடம்" என்று ரீல்ஸ் பார்த்துக் காட்டுக்குள் அறை போடுவது இன்னொரு மோகம். இதில் நான் கண்டிப்பானவன். மசினகுடி, சீகூர் பகுதி யானை வழித்தடம் என்பதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அடுத்த மூன்றாவது மாதமே, மசினகுடியில் ஒரு விடுதியிலிருந்து தீப்பிடித்த துணியை எறிந்து விரட்டிய யானை காயத்தோடு செத்தது. முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி யானை காட்டுகிறோம், ஜீப்பில் கூட்டிப்போகிறோம் என்று சொல்லும் இடத்தை அந்தப் பேச்சோடேயே விட்டுவிடுங்கள். முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பர்லியார் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டுக்குப் பழகின குரங்கு சாலையோரத்தை விட்டுப் போகாது, அங்கேயே அடிபட்டுச் சாகும்.

மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். நாலு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்றால் 24 பாட்டில். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள், நிரப்பிக்கொள்ள ஊரில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

திரும்பும்போது ஊட்டியில் மத்தியானம் 2 மணிக்கு மலை ரயில். இறக்கம் சீக்கிரம், மூன்றரை மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் ஐந்தரை போல இறங்கினால், ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், கீழே வெக்கையாக இருக்கும். சூடாக ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பெர்த்தில் ஏறிப் படுத்தால், கண் விழிக்கும்போது சென்னை வந்திருக்கும்.