தண்ணீர் குடித்தால் மட்டும் தோல் வறட்சி போகாது

"வயதானவர்களுக்குத் தோல் வறண்டு அரித்தால் தினமும் 3 லிட்டர் தண்ணீர் போதும், கிரீமெல்லாம் வீண்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இதயம், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு ஆபத்தும்கூட. அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

வயதாக ஆக எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, மேல்தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பும் குறைகிறது. ஈரம் கசிவது அந்த இடைவெளி வழியாகத்தான். உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தால் ஒழிய, கூடுதலாகக் குடிப்பது அதை அடைக்காது.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளித்தால் போதும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத கிரீமைத் தடவுங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம்தான் பெரும்பாலும் முதலில் வெடிக்கும். அங்கே இரண்டு வேளை. வெடிப்பில் யூரியா கலந்த ஈரப்பதக் கிரீம் பட்டால் எரியும், ஆறும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போடுங்கள். உள்ளங்காலில் தடவிய கையோடு நடக்க விடாதீர்கள், வழுக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் 2 வாரத்தில் அரிப்பு அடங்கவில்லையா? தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறதா? தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளும் சில மாத்திரைகளும் இப்படி அரிக்க வைக்கும்.