பிராந்தி அக்காவுக்கு, ஒயின் எனக்கு

போன டிசம்பரில் நடந்தது. நான்கு நண்பர்கள் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். கூடவே ஒரு நண்பனின் அக்கா. பெங்களூரில் வேலை, ஐம்பதைத் தாண்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிப்பதற்குள் அவருக்கு மூக்கடைத்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு லார்ஜ் பிராந்தியும் ஒரு டம்ளர் வெந்நீரும் கேட்டார். நான் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் கேட்டேன்.

கொண்டுவந்த பையனுக்கு இருபது வயசுதான் இருக்கும். எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனதும் அவனேதான். இருந்தாலும் பிராந்தியை என் முன்னால் வைத்தான், ஒயினை அக்கா முன்னால் வைத்தான். நாங்கள் பேசாமல் மாற்றிக்கொண்டோம். அதைப் பார்த்தவன் முகம் சுருங்கிப்போய், "சாரி சார்" என்றான்.

சாருக்கு மட்டும். அக்காவுக்கு ஒன்றுமில்லை.

மாறி வந்தது இரண்டு பேருக்கும்தானே, எனக்கு மட்டும் ஏன் மன்னிப்பு என்று ராத்திரி போர்வைக்குள் படுத்து யோசித்தேன். நான் ஒயின் குடிக்கிற ஆள் என்பதை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்றுதான் அந்தப் பையன் சங்கடப்பட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் ஊரில் பிறந்து, ஊர் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன்.

என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிராந்தி பிடிக்காது. அந்த வாசனையே ஆகாது. எப்போதாவது இரண்டு கிளாஸ் ஒயின், வெயில் காலத்தில் ஒரு ப்ரீசர் (பழ ருசியில் வரும் லேசான சரக்கு), அவ்வளவுதான். இருபது வருஷமாக எங்கள் செட்டில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. எங்கள் ஆட்களிடம் ஒரு படிநிலை இருக்கிறது. உச்சியில் 'ஹாட்', அதாவது பிராந்தி, ரம், விஸ்கி. அதிலும் தண்ணீர் சேர்க்காமல் ராவாக அடிப்பவன் மகாராஜா. சோடா கலப்பவன் அடுத்து. கோலா கலப்பவனைப் பார்த்து ஒரு சிரிப்பு. பீர் என்றால் 'இன்னும் காலேஜ்லயே இருக்கியா?' ஒயினும் ப்ரீசரும் கணக்கிலேயே கிடையாது, அது 'பொண்ணுங்க சரக்கு'.

ஒருநாள் கோபத்தில் கணக்குப் போட்டேன். வெள்ளி வியாபாரம் செய்கிறவனுக்கு எடையும் தரமும் பார்க்காமல் இருக்க முடியாது. பாட்டில் மேலேயே சதவீதம் அச்சடித்திருக்கிறான். பிராந்தி 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 26 மில்லி. 'சின்னப் பசங்க' குடிக்கும் 650 மில்லி பீர் பாட்டில், வெறும் 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 32 மில்லிக்கு மேல். நான் குடிக்கும் இரண்டு கிளாஸ் ஒயின், 150 மில்லி வீதம், 12 சதவீதம் என்றால் 36 மில்லி. ஆக, ஒரு லார்ஜ் அடித்துவிட்டு மீசையை முறுக்கும் மாப்பிள்ளையைவிட நான்தான் அதிகம் குடித்திருக்கிறேன். இதைக் குழுவில் போட்டேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒருத்தன், "அளவு முக்கியமில்ல மாப்ள, எரியணும்" என்றான்.

எரியணும். அதாவது தொண்டையில் வலிக்கணும், அந்த வலியை முகத்தில் காட்டக் கூடாது. ருசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காது குத்தும்போது அழாத பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பார்களே, அந்தச் சங்கதிதான்.

நான் செய்வது கொலுசு. செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறை, அப்பா காலத்தில் இருந்து. கொலுசைவிடப் பெண்பிள்ளைப் பொருள் உலகத்தில் உண்டா? ஆனால் சங்க காலத்தில் காலில் கழல் கட்டியவன் வீரன். போருக்குப் போகிற ஆண் பிள்ளையின் அடையாளம் அது. இன்றைக்கு ஒரு பையன் காலில் தண்டை மாட்டி அனுப்பினால் பஸ் ஸ்டாண்டு வரைகூடப் போக முடியாது. பொருள் அதே வெள்ளிதான், அதே கால்தான்.

கள்ளும் அப்படித்தான். ஔவையும் அதியமானும் என்றதும் எல்லோருக்கும் நெல்லிக்கனி ஞாபகம் வரும். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம்ம சேலம் ஜில்லாதான், எனவே ஆள் நம்மாள் என்றே வைத்துக்கொள்ளலாம். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235-வது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று ஆரம்பிக்கிறது அந்தப் புலம்பல். ராஜா கொஞ்சமாக இருந்த கள்ளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, புலவர் அம்மாவுக்குக் கொடுத்தான். அதில் ஔவைக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் நெல்லிக்கனி வந்தது, கள் வரவில்லை.

இனி என் அம்மாயி கதை.

அம்மாவைப் பெற்றவள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறித்தாள். காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820களில் காபியைக் கொண்டுவந்து நட்ட மலை அது. நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பித்தால் பொங்கல் தாண்டியும் பறிப்பு ஓடும், நல்ல பனிக்காலம். அரைப் பரீட்சை லீவுக்கு நாங்கள் அங்கே போவோம். சாயங்காலம் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தால் அம்மாயி அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விடுவாள். பிராந்தி பாட்டில். அப்பா கல்யாணச் சீராகச் செய்துகொடுத்த ஒரு வெள்ளி டம்ளரில் ஊற்றி, சுடுதண்ணி கலந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாக உறிஞ்சுவாள். யாராவது கேட்டால், "மருந்து சாமி" என்பாள்.

தாத்தாவும் அதே பாட்டிலில் இருந்துதான் குடித்தார். ஆனால் தாத்தா 'தண்ணி போட்டார்', அம்மாயி 'மருந்து சாப்பிட்டாள்'. ஒரே பாட்டிலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு வினைச்சொல். தாத்தா போட்டால் சத்தம், சண்டை. அம்மாயி சாப்பிட்டால் தூக்கம்.

பிரசவம் ஆன பெண்ணுக்குப் பிராந்தி, பல்வலிக்குப் பஞ்சில் நனைத்துப் பிராந்தி, சளிக்குப் பிராந்தி. எங்கள் குடும்பத்தில் இதெல்லாம் நடந்தது. (தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். குளிருக்குப் பிராந்தி என்பதே ஏமாற்றுதான். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாக இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.) சேலம் டவுனில் 'ஆம்பளச் சரக்கு' என்று மார்தட்டுகிற அதே பிராந்திதான் சமையலறை வழியாக வந்தால் பேறுகால மருந்து. அப்படியானால் ஆணும் பெண்ணும் பாட்டிலுக்குள் இல்லை. யார் பார்க்கக் குடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆண் குடிப்பதே நாலு பேர் பார்க்க. பெண்ணுக்கு ஒரு காரணம் கையில் வேண்டும்.

ஏற்காட்டு அக்காவிடம் மறுநாள் காலையில் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சளி இல்லன்னாலும் கேட்டிருப்பேன்டா. சளி இருந்ததால சத்தமா கேட்டேன்" என்றார்.

இலங்கையில் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1955-இல் வந்த சட்டம். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அந்தத் தடையை எடுத்தார், சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன தலையிட்டு அதைத் திருப்பிப் போட வைத்தார். நமக்குச் சட்டமே தேவையில்லை. கடை வரிசையில் ஒரு பெண் நின்றால் பத்து செல்போன் மேலே எழும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. பலரை இங்கே நம் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அன்று என் டைம்லைனில் செத்துப்போன ஆண்களுக்கு 'ஐயோ பாவம்' என்று எழுதியவர்களே பெண்களுக்கு 'பொம்பளையுமா?' என்று எழுதினார்கள். விஷம் ஆள் பார்க்கவில்லை, நாம் பார்த்தோம்.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: இல்லை. நான் பிறந்த ஊர் எதுவென்று எனக்குத் தெரியும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் ஜில்லாவில். அம்மாயிக்கு அப்போது பன்னிரண்டு வயசு, ஓமலூர்ப் பக்கம். கள்ளுக்கடை மூடிய அன்று தன் அம்மா வாசலில் கோலம் போட்டதாகச் சொல்வாள். (கள் வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-இல் விற்பனை வரி வந்தது. கள் திரும்பி வந்து, போய், சாராயமும் வந்து, போய், கடையை அரசாங்கமே நடத்துகிற காலமும் வந்துவிட்டது, வரி மட்டும் போகவில்லை. வெள்ளிக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி கட்டும்போதெல்லாம் எனக்கு ராஜாஜி ஞாபகம் வரும்.) அதே சேலத்துக்காரர் சசிபெருமாள் 2015-இல் மதுக்கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். எனவே குடி நல்லதா கெட்டதா என்ற பேச்சே வேண்டாம். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. என் ஒயினும் அதில் அடக்கம்.

நான் சொல்ல வந்தது வேறு. 'ஆம்பளச் சரக்கு' என்ற அந்த வார்த்தை.

மூன்று வருஷம் முன்பு ஆயுத பூஜை. பொரி, கடலை, போனஸ் எல்லாம் கொடுத்து முடித்து, ராத்திரி பட்டறை மாடியில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நானும் இருந்தேன். பாலீஷ் போடும் பையன் ஒருத்தன், இருபத்திரண்டு வயசு, ஒரு பீரை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். தட்டுவடை செட்டில்தான் அவனுக்குக் கவனம். "என்னடா பொண்ணு மாதிரி பீரைச் சப்பிக்கிட்டு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தோம். ஒரு குவார்ட்டரை அப்படியே டம்ளரில் கவிழ்த்து, "ஆம்பளையா இருந்தா ஒரே மூச்சுல அடி" என்றார்கள். பையன் சுற்றிப் பார்த்தான். என்னையும் பார்த்தான். முதலாளி ஏதாவது சொல்வார் என்று நினைத்தானோ என்னவோ. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடித்துவிட்டான். முகத்தைச் சுளிக்கவில்லை. கை தட்டினோம்.

180 மில்லி பிராந்தியில் 77 மில்லி ஆல்கஹால். அதற்கு முன்னால் குடித்த பீர் தனி. அரை மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் எழுப்ப எழுப்ப எழவில்லை. மல்லாக்கப் படுத்திருந்தவனை ஒருத்தர் ஒருக்களித்துத் திருப்பிப் போட்டார், இல்லாவிட்டால் வாந்தி மூச்சை அடைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆட்டோவில் அவன் தலை என் மடியில். வாயில் நுரை. இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

மூன்றாம் நாள் அவன் அம்மா பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. வாசப்படியில் நின்றபடி, "யாரு சாமி ஊத்துனது?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊற்றியவர் பற்றவைப்பில் குனிந்துகொண்டார். நான் ஊற்றவில்லைதான். அவர் என்னைத்தான் பார்த்தார்.

எனக்கு இருபது வருஷமாக ஒயின் பிடிக்கும். அன்று ராத்திரி என் கையில் இருந்தது என்ன தெரியுமா? பிராந்தி. ஆட்கள் முன்னால் முதலாளி ஒயின் குடிக்க முடியாது என்று ஒரு கட்டிங் ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாள் நான் எனக்குப் பிடித்ததைக் கையில் எடுத்திருந்தால், அந்தப் பையனுக்குத் தன் பீரோடு உட்கார்ந்திருக்க ஒரு துணை இருந்திருக்கும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'எங்களாலும் ராவா அடிக்க முடியும்' என்று சில தங்கைகள் பதிவு போடுவதைப் பார்க்கிறேன். ஒரே எடை உள்ள ஆணையும் பெண்ணையும் வைத்தால், பெண் உடம்பில் நீர் அளவு குறைவு, அதனால் அதே அளவு அங்கே வேகமாக ஏறும். அது உடம்புக் கணக்கு, அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. பிராந்தி பிடித்தால் குடியுங்கள், எங்கள் செட்டின் முட்டாள்தனத்தை மட்டும் காப்பியடிக்க வேண்டாம்.

ஏற்காட்டில் இருந்து இறங்கி வந்ததும் பீரோவைத் திறந்து அம்மாயியின் டம்ளரைத் தேடி எடுத்தேன். செத்து எட்டு வருஷமாகிறது. டம்ளர் கறுத்துக் கிடந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் மெருகு போட்டேன். நடுவில் ஒரு வளையம் ஓடும், அப்பாவின் கை வேலை. 'அந்த வளையம் வரைக்கும்தான் மருந்து, ஒரு மூடி அளவு' என்று அம்மாயி சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வளையம்வரை தண்ணீர் ஊற்றி அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தேன். 70 மில்லி. லார்ஜுக்கு மேல்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எங்கம்மா எங்கடா வளையத்தோட நிறுத்துச்சு?"